வயற்சேறும் எலிக்காய்ச்சலும்

நிலம் பண்படுத்தும் காலத்திலும் களை பிடுங்கும் காலத்திலும் கமக்காரருக்கு உடல் உளைவு உண்டாவது புதுமையன்று. நாள் முழுவதும் சேற்றில் நின்று மண்வெட்டி பிடித்தவருக்கு மாலையிற் கெண்டைக்கால் வலிக்கும், இடுப்பு நோகும், தலை பாரமாயிருக்கும். எண்ணெய் பூசி, வெந்நீரிற் குளித்துப் படுத்தால் மறுநாள் அது பெரும்பாலும் தணிந்துவிடும். இந்தப் பழக்கமே ஓர் ஆபத்துக்கும் இடமளிக்கின்றது. எலிக்காய்ச்சல் என்னும் கொடிய நோயும் இதே கெண்டைக்கால் வலியுடனும் தலையிடியுடனுமே தொடங்குகின்றது. வேலைக் களைப்பென்று கருதி நான்கைந்து நாள்களைக் கழித்தபின் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுவோரைக் காப்பாற்றுதல் கடினமாகின்றது. ஆரம்பத்திலேயே வந்தவர்களுக்கோ விலை குறைந்த, பழைய மருந்துகளே பெரும்பாலும் போதுமாகின்றன.

இலங்கையில் நெற்செய்கை நடைபெறும் இடமெங்கும் இந்நோய் உண்டு. சிங்களத்தில் இதனை 'மீ உண' என்பர். 2008ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாகியிருக்கலாம் என அறிவிக்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ இருநூறு பேர் இறந்தனர். ஈரவலய மாவட்டங்களுக்கே உரிய நோய் இதுவென்று வடக்கிற் பலர் எண்ணியிருந்தனர். 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதப் பெருமழைக்கும் வெள்ளத்துக்கும் பின்னர், டிசம்பர் மாதத்தில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அடுத்தடுத்துச் சிலர் காய்ச்சலால் இறந்தபோது அவ்வெண்ணம் தவறென்பது தெளிவாயிற்று. அது எலிக்காய்ச்சலே என ஆய்விற் புலப்பட்டது.

நோய் உண்டாகும் விதம்

இந்நோயை விளைப்பது லெப்டொஸ்பைரா என்னும் கிருமி. திருகுபோற் சுருண்ட, மெல்லிய உடலையுடைய இக்கிருமி வெறுங்கண்ணுக்குத் தெரியாது. கடுங்காய்ச்சலும் மஞ்சட்காமாலையும் சிறுநீரகக் கோளாறும் ஒருங்கே தோன்றும் நோயொன்றை 1886இல் அடொல்ப் வெயில் என்னும் ஜேர்மானிய வைத்தியர் விரித்தெழுதினார். ஆயினும் அதற்குக் காரணமான கிருமியை 1915இல் யப்பானிய அறிஞர்களான இனாடா, இடோ ஆகியோரே கண்டறிந்தனர். அந்நாட்டிலும் சுரங்கத் தொழிலாளரும் நெல்வயலில் வேலை செய்வோருமே இதனால் மிகுதியாக வருந்தினர். ஈரமும் சேறும் எலியும் ஒன்றுசேரும் தொழில்கள் அவை.

எலியின் சிறுநீரகத்திலே இக்கிருமி தங்கிப் பெருகுகின்றது. எலிக்கு அதனால் எவ்வித நோயும் ஏற்படுவதில்லை. அது வழக்கம்போல் ஓடித்திரிந்து, போகுமிடமெல்லாம் சிறுநீருடன் கிருமியையும் விட்டுச் செல்கின்றது. எலி ஒன்றே குற்றவாளி என்று கொள்ளுதலும் சரியன்று. மாடு, எருமை, பன்றி, நாய் ஆகியவையும் இக்கிருமியைக் காவுகின்றன. மாடுகளிற் சில வேளை கன்று சிதைவதற்கும் பால் குறைவதற்கும் இதுவே காரணமாகும். ஆகவே வயலுக்கே போகாது, மாட்டுக்கொட்டிலைக் கூட்டிக் குப்பையெருவை மரக்கறிப் பாத்திகளுக்குச் சுமந்து செல்லும் தோட்டக்காரரும் இதற்குத் தப்பியவரல்லர். கொட்டிலில் சிறுநீர் ஊறிய சேற்றில் வெறுங்காலுடன் நிற்பதும் வயற்சேற்றில் நிற்பதும் ஒன்றே.

வெயிலில் நன்றாக உலர்ந்த மண்ணில் இக்கிருமி விரைவில் இறந்துவிடும். வெதுவெதுப்பான நீரிலும் ஈரமண்ணிலும் பல வாரங்கள் உயிரோடிருக்கும். போகத்தின் முதல் மழை பெய்து, வரம்புகளிலும் பற்றைகளிலும் கிடந்த அழுக்கெல்லாம் கழுவுண்டு வயலிற் சேர்ந்து நிற்கும் வேளையிலேதான் கமக்காரர் காலை அதில் வைக்கின்றார். தோலிலுள்ள சிறு கீறல், சேற்றுப்புண், அட்டை கடித்த இடம், மண்வெட்டி பட்ட காயம் ஆகியவற்றின் வழியாகக் கிருமி உடலுட் புகுகின்றது. நீரில் நெடுநேரம் ஊறித் தடித்துச் சுருங்கிய தோலும் அதற்கு வழிவிடும். கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மெல்லிய சவ்வு வழியாகவும் அது புகும். இரு சில்லு உழவு இயந்திரத்தின் பின்னே நடப்பவரின் முகத்தில் தெறிக்கும் சேற்றைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. கண்ணிற் பட்ட சேற்றை அதே வயல் நீரால் கழுவுதல் அதனினும் பிழையான செயல். அறுவடை இயந்திரங்கள் வந்தபின் அரிவாளுடன் சேற்றில் இறங்கும் வேலை பல இடங்களிற் குறைந்துவிட்டது. எனினும் வரம்பு கட்டுதலும் வாய்க்கால் துப்புரவாக்கலும் இன்னும் கையாலும் காலாலுமே நடைபெறுகின்றன.

காய்ச்சலின் போக்கு

கிருமி புகுந்த அன்றே காய்ச்சல் வருவதில்லை. பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாள்கள் கழிந்தே வரும். சில வேளை ஒரு மாதமும் ஆகலாம். அதனால் வரம்பு கட்டி முடித்து, விதைத்து, வேறு அலுவலாகப் பட்டணம் சென்றவருக்கும் அங்கே காய்ச்சல் தொடங்கலாம். வயலில் நின்றதையும் காய்ச்சலையும் அவர் இணைத்துப் பார்ப்பதில்லை. அவரைப் பார்க்கும் வைத்தியரும் கேட்டாலன்றி அதனை அறியார்.

குளிருடன் கடுங்காய்ச்சல் திடீரெனத் தொடங்கும். கடுந் தலையிடி, வாந்தி, இடுப்பிலும் தொடையிலும் வலி ஆகியன உடன் வரும். கெண்டைக்காலை அழுத்தினால் தாங்க முடியாத நோவு உண்டாகும். வேலைக் களைப்பினால் வரும் உளைவு ஓரிரவு ஓய்ந்தாற் குறையும். அதற்குக் காய்ச்சல் இராது. இவ்வலியோ ஓய்வினாற் குறையாது. கண் நோய்போற் பீளை தள்ளாமல் வெண்விழி சிவந்து காணப்படுவது கவனிக்கத்தக்க மற்றோர் அடையாளம். இவையெல்லாம் எல்லோருக்கும் தோன்றும் என்பதற்கில்லை.

நோயுற்றோரிற் பெரும்பாலோர் இவ்வளவுடன் தேறிவிடுகின்றனர். எஞ்சியோருக்கே இடர். சிலருக்கு ஒரு வாரமளவில் காய்ச்சல் தணிந்து, நோய் தீர்ந்ததென்று வீட்டார் ஆறுதலடைந்திருக்கையில், அது மீண்டும் எழும். கண்ணும் தோலும் மஞ்சளாகும். சிறுநீர் நிறம் மாறிக் குறையும். பின்னர் முற்றாக நின்றும் போகலாம். சுவாசப்பையில் இரத்தம் கசிந்து மூச்சுத்திணறலும், இருமும்போது இரத்தமும் காணப்படலாம். இந்நிலையில் மரணம் சில மணித்தியாலங்களிலும் நேரக்கூடும். மஞ்சள் நிறம் தோன்றினாற்றான் எலிக்காய்ச்சல் என்று காத்திருப்போர் உளர். அது தோன்றுவதற்கு முன்னரே மருந்து தொடங்குதல் வேண்டும் என்பதையே இங்கு வற்புறுத்த வேண்டியுள்ளது. மஞ்சள் நிறம் சிறிதும் தோன்றாமலே இறந்தோரும் உண்டு.

முற்காலத்தில் வன்னியிலும் கிழக்கிலும் காய்ச்சலென்றால் மலேரியா என்பதே முதல் எண்ணமாயிருந்தது. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதென 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இன்று வயல் வேலை செய்பவருக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் எண்ணவேண்டியவை எலிக்காய்ச்சலும் டெங்குவுமாகும். இரண்டையும் வீட்டிலிருந்து பிரித்தறிய முடியாது. இரத்தப் பரிசோதனையும் வைத்தியரின் பார்வையும் தேவை. கொத்தமல்லிக் குடிநீர் அருந்துவதிற் குற்றமில்லை; அதனை அருந்திக்கொண்டு வீட்டிற் படுத்திருப்பதே குற்றம். காய்ச்சலைத் தணிக்கப் பரசிற்றமோல் அளவாகக் கொள்ளலாம். வலியைப் போக்கும் வேறு மாத்திரைகளையோ ஊசிகளையோ கடையில் தாமாகவே வாங்கிக் கொள்ளுதல் ஆகாது. அவற்றுட் பல சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்வன, டெங்குவாயின் இரத்தப்போக்கையும் மிகுவிப்பன.

காய்ச்சல் தொடங்கிய மறுநாளாவது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். அங்கு கேட்கப்படாவிடினும், வயலிலோ வாய்க்காலிலோ கொட்டிலிலோ எத்தனை நாள்களுக்கு முன் வேலை செய்தார் என்பதை நோயாளர் தாமே சொல்லுதல் வேண்டும். சேற்றில் நின்றதைச் சொல்ல வெட்கப்படுவோரும், அது தேவையற்ற பேச்சென்று கருதுவோரும் உளர். அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட வைத்தியர் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திராமலே பெனிசிலின் அல்லது டொக்சிசைக்கிளின் போன்ற மருந்தைத் தொடங்கக்கூடும். சிறுநீர் குறைந்திருப்பின் அதனையும் மறவாது சொல்லல் வேண்டும்.

வயலிற் செய்யத்தக்கவை

நீண்ட சப்பாத்து அணிந்தாற் போதும் என்று சொல்லுதல் எளிது. ஆழச்சேற்றில் அது காலோடு வராது; ஒவ்வோர் அடிக்கும் அதனைப் பிடுங்கி எடுக்கவேண்டியிருக்கும். நாற்று நடுவோர் அதனை அணியாததிற் குறைகூற இடமில்லை. ஆனால் வரம்பு வெட்டும்போதும் வாய்க்கால் துப்புரவு செய்யும்போதும் மாட்டுக்கொட்டிலிலும் மரக்கறித் தோட்டத்திலும் சப்பாத்தும் கையுறையும் அணியத் தடையில்லை. சேற்றில் இறங்கியே ஆகவேண்டியவர் காலிலுள்ள காயங்களை நீர் புகாத ஒட்டுத்துணியால் மூடிக்கொள்ளல் நன்று. பெரிய புண் உள்ளவர், அது ஆறும்வரை வரப்பு மேலுள்ள வேலைகளை மேற்கொண்டு, சேற்று வேலையைப் பிறரிடம் விடுதல் வேண்டும். வேலை முடிந்ததும் வாய்க்காலிற் கால் கழுவிவிட்டு வீடு திரும்புதல் எங்கும் உள்ள வழக்கம். அவ்வாய்க்கால் நீரும் வயல் நீரே. கிணற்று நீராலோ குழாய் நீராலோ சவர்க்காரமிட்டுக் கழுவுதலே கழுவுதலாகும். வயல் நீரில் வாய் கொப்பளித்தலும் முகம் கழுவுதலும் அறவே கூடா. குடிப்பதற்குக் கொதித்தாறிய நீரை வீட்டிலிருந்து கொண்டுசெல்லலாம். கொதிக்கும் நீரில் இக்கிருமி வாழாது.

எலியைக் குறைத்தல் விளைச்சலுக்கும் உயிருக்கும் ஒருங்கே பயன்தருவது. வயலெலிகள் அகன்று உயர்ந்த வரம்புகளில் வளை தோண்டுகின்றன. வரம்பை ஒடுக்கமாகவும் தாழ்வாகவும் அமைத்து, புல்லைச் செதுக்கி வைத்தால் அவற்றுக்கு வளை அமைக்க இடம் குறையும். பயிர் குடலைப் பருவத்தை எய்தி நெல் முற்றும்வரை எலிக்கு உணவு மிகுதி. அக்காலத்திலேயே அது பெருகுகின்றது. ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக ஒரு மாத இடைவெளியில் விதைக்கும் வயல்வெளியில் எலிக்கு அவ்வுணவுக் காலமும் ஒரு மாதம் நீள்கின்றது. போக ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படும் திகதியில் எல்லோரும் விதைத்தால் அதனைக் குறைக்கலாம். இது நீருக்காக மட்டும் செய்யப்படும் ஏற்பாடன்று. எலியைப் பிடித்தலும் வளை வெட்டுதலும் பயிர் இளமையாயிருக்கும்போதே, வெளி முழுவதிலும் ஒரே காலத்திற் செய்யப்படல் வேண்டும். ஒருவர் வயலில் மட்டும் செய்தால் அயல் வயலிலிருந்து எலி வந்துசேரும். நச்சு இரை வைப்பதாயின் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டே வைத்தல் வேண்டும். இறந்த எலியை வெறுங்கையால் தொடாது ஆழப் புதைத்தல் வேண்டும். சாரைப்பாம்பைக் கண்டவுடன் அடித்துக் கொல்வோர் பலர். நஞ்சற்ற அப்பாம்பு எலியைத் தின்று வாழ்வது. அதனைக் கொன்றவர் எலிக்கே உதவி செய்தவராகின்றார். ஆந்தைகள் இரவில் வந்தமர, வயலிலே குறுக்குத்தடி கட்டிய கம்பங்களை நாட்டுதலும் பயன்தரும்.

முற்காப்பு மாத்திரை

இந்நோய் மிகுந்த பகுதிகளில், நெற்செய்கைக் காலத்தில் டொக்சிசைக்கிளின் மாத்திரைகளைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் இலவசமாக வழங்குகின்றது. வழமையாக, வயலில் இறங்குவதற்கு ஒரு வாரத்துக்கு முன் தொடங்கி, சேற்று வேலை நீடிக்கும்வரை வாரத்துக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, உட்கொள்ளப்படும். உணவுக்குப் பின் நிறைய நீருடன் விழுங்கி, உடனே படுக்காதிருத்தல் வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுவர், இம்மருந்து ஒவ்வாதவர் ஆகியோர் இதனை உட்கொள்ளலாகாது. ஏனையோரும் பரிசோதகரைக் கேளாது அயல்வீட்டாரிடம் கடன் வாங்கி விழுங்குதல் தகாது. மாத்திரை உட்கொண்டவருக்கும் காய்ச்சல் வரக்கூடும். வந்தால், உட்கொண்டதைச் சொல்லி அவரும் வைத்தியசாலைக்கே செல்லுதல் வேண்டும்.

மாத்திரைகள் பெரும்பாலும் வயற் சொந்தக்காரரின் கைக்கே வந்துசேர்கின்றன. சேற்றில் அதிக நேரம் நிற்பவரோ கூலிக்குக் களை பிடுங்கவும் நாற்று நடவும் வரும் பெண்களும், வரம்பு வெட்ட வரும் வெளியூர் ஆள்களுமாவர். வேலை தொடங்குவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னரே அவர்களுடைய பெயர்களையும் சேர்த்துப் பரிசோதகரிடம் கொடுத்தல் வயற் சொந்தக்காரரின் பொறுப்பு. வேலை முடிந்து ஊர் திரும்பும்போது, ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் இன்ன வயலில் வேலை செய்ததாக வைத்தியரிடம் கூறுமாறு அவர்களிடம் சொல்லியனுப்புதலும் வேண்டும்.