தகரக் கூரையின் கீழ் ஓர் ஒலிவாங்கி

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருந்த மாதங்களில்தான், மூத்தம்மாவின் கதைகளை ஒலிப்பதிவு செய்யவேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது. எங்கள் வீடு யட்டியாந்தோட்டையிலிருந்து மேலே ஏறும் தோட்டப் பாதையில் இருக்கிறது. முன்பக்கம் வாப்பாவின் சில்லறைக் கடை, பின்பக்கம் இறப்பர் மரங்கள். கூரை தகரம். இந்தக் கட்டுரையில் முக்கால்வாசிப் பிரச்சினை அந்தத் தகரத்தால் வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் திட்டம் பெரிதல்ல. டியூஷன் வகுப்பில் என்னோடு படிக்கும் தோழி ஒருத்தி மேல் டிவிஷன் லயத்தில் இருக்கிறாள். அவளுடைய அம்மாயியும் எங்கள் மூத்தம்மாவும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். இருவரும் சொல்லும் பழைய கதைகளை அரைமணி நேர நிகழ்ச்சிகளாக்கி, இப்போது 'பொட்காஸ்ட்' என்கிறார்களே, அதுபோல் இணையத்தில் போடலாம் என்று பேசிக்கொண்டோம்.

வாப்பா தயங்கினார். "பொம்புளப் புள்ளட கொரல் ஊரெல்லாம் கேக்கோணுமா மகள்?" என்றார். நான் பதில் சொல்வதற்கு முன் மூத்தம்மா சொன்னார்: "மகன், முஸ்லிம் சேவையில மாதர் மஜ்லிஸ் கேட்டுக் கேட்டுத்தானே நான் சோறாக்கின. அதுவும் பொம்புளைகள்ட கொரல்தானே." வாப்பா சிரித்துவிட்டார். கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. முகம் வராது, குரல் மட்டும். எதை வெளியிடுவதென்றாலும் முதலில் வாப்பா கேட்பார். இது எனக்குத் தடையாக இருக்கவில்லை. நிகழ்ச்சியில் தெளிவில்லாத இடத்தை முதலில் கண்டுபிடிப்பவர் வாப்பாதான்.

அடுத்தது ஒலிவாங்கி. இரண்டு பெருநாள் காசையும் சேர்த்து ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபா வைத்திருந்தேன். 2022இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் போன பிறகு இந்தச் சாமான்களின் விலையும் அதோடு ஏறிவிட்டது. நானா கொழும்பிலிருந்து ஒரு 'செட்' வாங்கி வந்தார். வானொலி நிலையத்தில் இருப்பதுபோல் பெரிய ஒலிவாங்கி, மேசையில் பூட்டும் கை, பஞ்சுத் தொப்பி, சிறிய இணைப்புப் பெட்டி எல்லாம் இருந்தன. பார்க்க மிக அழகு. பெட்டியில் 'தொழில்முறை' என்று எழுதியிருந்தது. நானும் நம்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் மூத்தம்மாவை உட்காரவைத்து, 1989 ஜூன் மாதத்துக் கதையைக் கேட்டேன். களனி கங்கை பெருகி, கேகாலை மாவட்டமெங்கும் மண் சரிந்த காலம். மூத்தம்மா கைக்குழந்தையாக இருந்த மாமியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியிருக்கிறார். தோட்டத்து அம்மா ஒருவர் தன் லயக்காம்பராவில் மூன்று இரவுகள் வைத்துக்கொண்டாராம். மாமி அழுதபோது அந்த அம்மா ஒரு தாலாட்டுப் பாடினாராம். அதை மூத்தம்மா அன்று முழுவதும் பாடிக் காட்டினார். நான் அதுவரை கேட்டதேயில்லை. பாதிக் கதையிலேயே மழை பிடித்துக்கொண்டது. நிறுத்த மனம் வரவில்லை.

இரவில் கேட்டபோது மழைதான் இருந்தது. தகரத்தில் விழும் மழை, கடையின் குளிரூட்டிப் பெட்டி, அடியில் விடாத ஓர் 'உம்' என்ற இரைச்சல். மூத்தம்மா எங்கோ கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் இருந்தார். அடுத்த வாரம் திரும்பக் கேட்டேன். கதையைச் சொன்னார். தாலாட்டின் கடைசி இரண்டு அடிகள் வரவில்லை. "அண்டைக்குப் பாடினனே" என்றார், அவ்வளவுதான். இன்றுவரை வரவில்லை.

அந்தக் கோபத்தில்தான் நான் ஒலிவாங்கிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். பௌதிகவியல் ஆசிரியையிடமும் கேட்டேன்.

ஒலிவாங்கி என்பது காற்றின் அசைவை மின்னாக மாற்றும் பொருள். வீட்டுக்கு வாங்கக்கூடியவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று இயங்குசுருள் வகை. மெல்லிய தகடு ஒன்றில் கம்பிச் சுருள் ஒட்டியிருக்கும். அது காந்தப்புலத்தில் அசையும்போது மின் தூண்டப்படும். நாம் படிக்கும் மின்காந்தத் தூண்டலேதான். பள்ளிவாசலிலும் பாடசாலை மண்டபத்திலும் கையில் பிடிக்கும் 'மைக்' பெரும்பாலும் இதுதான். 1966இல் ஷுவர் கம்பனி வெளியிட்ட எஸ்எம்58 இந்த வகையைச் சேர்ந்தது, இன்னும் விற்பனையாகிறது. இதற்கு வெளியிலிருந்து மின் வேண்டாம். ஆனால் இதிலிருந்து வரும் சமிக்ஞை மிகச் சிறியது. பெருக்கி இல்லாமல் கைபேசியில் நேரே செருக முடியாது. மண்டபத்து மைக்கைக் கடன் வாங்கிப் பதிவு செய்யலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

மற்றது கொள்ளளவி வகை. அசையும் தகடும் அசையாத தகடும் சேர்ந்து ஒரு கொள்ளளவியாகும். குரல் பட்டு இடைவெளி மாறும்போது வோல்ற்றளவு மாறும். மிக நுண்ணியது, மூச்சுவிடுவதுகூடக் கேட்கும். ஆனால் தகட்டில் ஏற்றம் இருக்கவேண்டும். நிலையங்களில் உள்ளவற்றுக்கு 48 வோல்ற்று கொடுப்பார்கள். என் பெரிய ஒலிவாங்கி இந்த வகை. அதோடு வந்த சிறிய பெட்டி அவ்வளவு கொடுக்கவில்லை. அந்த 'உம்' இரைச்சலும் அந்த மலிவான பெட்டியில்தான் இருந்தது. பெட்டியைக் கழற்றிவிட்டு வாப்பாவின் மடிக்கணினியில் செருகியபோது அது பாதியாகக் குறைந்தது. மழை குறையவில்லை.

இங்கே ஒரு சிறு வரலாறு. 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற இருவர், ஏற்றத்தை நிரந்தரமாகப் பிடித்துவைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கொண்டு ஒலிவாங்கி செய்தார்கள். 'எலெக்ட்ரெட்' என்று பெயர். உயர் வோல்ற்றளவு தேவையில்லை, உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு திரான்சிற்றருக்கு மட்டும் கொஞ்சம் மின் போதும். சட்டையில் குத்தும் ஒலிவாங்கி, கைபேசியின் செவிப்பொறிக் கம்பியில் தொங்கும் குமிழ் எல்லாவற்றிலும் நெடுங்காலமாக இருப்பது இதுதான். இதை வாசித்த பிறகுதான் என் மேசை இலாச்சியில் கிடந்த பழைய செவிப்பொறியை மரியாதையோடு பார்த்தேன்.

இனி மழைக்கு வருகிறேன். கடைக்காரர்கள் 'இதய வடிவம்' என்று ஒன்றைச் சொல்லுவார்கள். முன்னால் வருவதை நன்றாகவும், பின்னால் வருவதைக் குறைவாகவும் வாங்கும் ஒலிவாங்கி என்று பொருள். சந்தியில் வரும் பஸ் சத்தத்துக்கு அது உதவும், ஒலிவாங்கியின் முதுகைச் சந்திப் பக்கம் திருப்பிவிட்டால் சரி. ஆனால் தகரத்தில் விழும் மழைக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அது கூரை முழுவதிலிருந்தும் வந்து, சுவரிலும் சீமெந்துத் தரையிலும் பட்டுத் திரும்ப வருகிறது. அதை வெல்ல ஒரே வழி தூரம்.

ஒலிச்செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதசமன். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறக்குறைய 6 டெசிபெல் கூடும். மேசையில் 60 சென்ரிமீற்றரில் இருந்த ஒலிவாங்கியை 15 சென்ரிமீற்றருக்குக் கொண்டுவந்தால் இரண்டு முறை பாதியாகிறது, 12 டெசிபெல். செறிவில் இது 16 மடங்கு. மழையோ இருந்த இடத்திலேயே இருக்கும். அதாவது, விலையுயர்ந்த ஒலிவாங்கியைத் தூர வைப்பதைவிட மலிந்ததைக் கிட்ட வைப்பது மேல். 'இயங்குசுருள் ஒலிவாங்கி வெளிச் சத்தத்தை வாங்காது' என்று பலர் சொல்வதிலும் இதுதான் உண்மை. அது வாய்க்கு ஒட்டப் பிடித்துப் பேசவேண்டியது, அதனால் மற்றது அடங்கிப்போகிறது. தூரத்தில் வைத்தால் அதுவும் மழையைத்தான் தரும்.

ஆனால் எண்பது வயதை நெருங்கும் ஒருவரிடம் இரும்புக் கையை வாய்க்கு முன்னால் நீட்டிக்கொண்டு "கிட்ட வந்து பேசுங்க" என்று சொல்ல முடியுமா? மூத்தம்மா அதைக் கண்டாலே கதையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆகவே மூன்றையும் வைத்து ஒரு சோதனை செய்தேன். ஒரு மழை நாளில், ஒரே பத்தியை, மேசையில் பெரிய ஒலிவாங்கி, பழைய செவிப்பொறிக் கம்பி, தோழியின் அண்ணனிடம் கடன் வாங்கிய சட்டை ஒலிவாங்கி ஆகியவற்றில் பதிந்து, எது எது என்று சொல்லாமல் உம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். உம்மா முதலில் தெரிந்தது சட்டை ஒலிவாங்கி. இரண்டாவது செவிப்பொறி. ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபா கடைசி. நானா அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் எதையும் வாங்காதீர்கள். வீட்டில் இருக்கும் செவிப்பொறியில் ஒரு மாதம் பதிந்து பாருங்கள். பிறகும் வேண்டுமென்றால் கம்பியுள்ள சட்டை ஒலிவாங்கி. போயா நிறுவனத்தின் பிவை-எம்1 போன்றவற்றுக்கு ஆறு மீற்றர் கம்பி உண்டு, கைபேசியில் பொருத்தும்போது மின்கலம்கூட வேண்டாம். வாங்கும்போது செருகியைப் பாருங்கள். கறுப்பு வளையம் மூன்று இருந்தால் கைபேசிக்குரியது. இரண்டு இருந்தால் கமராவுக்குரியது, கைபேசிக்கு மாற்றி வேண்டும். புதிய கைபேசிகள் பலவற்றில் அந்தத் துளையே இல்லை, ஆகவே உங்கள் கைபேசியைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே பதிந்து கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள். தனியாக மேசையில் இருந்து பாடம் சொல்லித் தருபவர், நேரலை செய்பவர் என்றால் யுஎஸ்பி வழியாகக் கணினியில் செருகும் இயங்குசுருள் ஒலிவாங்கி நல்லது. சம்சன் கியூ2யு அப்படிப்பட்டது. விலை கூட, ஆனால் பெட்டி எதுவும் வேண்டாம்.

மற்றவை காசில்லாதவை. கைபேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள், இல்லாவிட்டால் இடையில் 'டிக் டிக்' என்று வரும். வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நம் 'ப'கரம் காற்றை நேரே அடிக்கும். 'பாப்பா' என்று உள்ளங்கையில் சொல்லிப் பாருங்கள், தெரியும். சத்த அளவு சிவப்பைத் தொடக்கூடாது. குறைவாகப் பதிந்ததைக் கூட்டலாம், வெட்டுப்பட்டது திரும்பி வராது. மெத்தையும் இலவம்பஞ்சுத் தலையணையும் சேலை நிறைந்த திறந்த அலுமாரியும் எதிரொலியைக் குடித்துவிடும். பதிவை அசல் வடிவில் வைத்தால் நிமிடத்துக்கு 5 மெகாபைற் அளவு போகும். 64 கிலோபிற் எம்பி3 ஆக மாற்றினால் அரை மெகாபைற்றும் இல்லை, பேச்சுக்கு அது போதும். எங்கள் பக்கம் டேட்டாவைப் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பவர்களுக்கு இது பெரிய விசயம். ஆனால் அசலை அழித்துவிடாதீர்கள்.

இந்த நாட்டில் வானொலி தொடங்கிய கதையும் பழைய சாமானில்தான் தொடங்குகிறது. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிப் பாகங்களைக் கொண்டு ஒலிபரப்பி செய்து, 1923இல் கொழும்பில் சோதனையாகக் கிராமபோன் இசையை ஒலிபரப்பினார். முறையான சேவை 1925 டிசம்பர் 16இல் ஆரம்பமானது. இதை நானாவிடம் சொன்னேன். "அவருக்கு யாரும் செட் வாங்கிக் குடுக்கல்ல போல" என்றார். பேசத் தொடங்கிவிட்டார் என்று சந்தோசப்பட்டேன்.

பெரிய ஒலிவாங்கி வீணாகவில்லை. பெட்டியில்லாமல், ஒரு சாண் தூரத்தில், மழையில்லாத காலையில் நான் அறிமுகம் பேச அதுதான். மூத்தம்மாவுக்குச் சட்டை ஒலிவாங்கி, முந்தானைக்கு உள்பக்கம் இல்லாமல் வெளியே, துணி உரசாதபடி ஊசியால் குத்தி. எங்கள் பக்கம் மழை பெரும்பாலும் பின்னேரம்தான். ஆகவே சுபஹுக்குப் பின், முதல் பஸ் வருமுன் பதிகிறோம். பக்கத்து வீட்டுச் சேவலை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இதுவரை நான்கு நிகழ்ச்சிகள் முடிந்துள்ளன. தாலாட்டு இன்னும் பாதியில் நிற்கிறது. தோழி தன் அம்மாயியிடம் அந்த 1989 இரவுகளைப் பற்றிக் கேட்டாளாம். "கீழக் கடைக்காரவுங்க புள்ளையோட வந்தாங்களே, பக்கத்து காம்பராவுலதான் இருந்தாங்க" என்று அவர் சொன்னதாக வந்து சொன்னாள். பாடியவர் இப்போது இல்லை. ஆனால் அம்மாயிக்கும் அந்தத் தாலாட்டுத் தெரியுமாம். காலையில் அவருக்குக் கொழுந்து நிறுக்கும் மகளின் பிள்ளைகளைப் பார்க்கவேண்டும், ஞாயிற்றுக்கிழமைதான் நேரமிருக்கும். லயத்திலும் கூரை தகரம்தான். ஆறு மீற்றர் கம்பியைச் சுற்றி, இரண்டு ஊசி, ஒரு தலையணை உறை எல்லாவற்றையும் பையில் வைத்துவிட்டேன். மூத்தம்மாவும் வருவேன் என்கிறார். ஏற்றத்தில் அவரை எப்படிக் கொண்டுபோவது என்று வாப்பா முச்சக்கர வண்டிக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.