பழைய காம்பு, புதுப் பிடி!

உங்க வீட்டு அடுப்படியில் பிடி உடைந்த கத்தி ஒன்று துணி சுற்றிக்கொண்டு கிடக்கிறதா? அதை எடைக்குப் போட்டுடாதீங்க. அம்மாவை அப்படியே வைத்து நறுக்கவும் விடாதீங்க. மழுங்கிய கத்தியைவிடப் பிடி ஆடும் கத்திதான் ஆபத்து. அழுத்தும்போது சட்டென்று திரும்பி விரலைப் பதம் பார்த்துவிடும்!

புதுப் பிடிக்கு மரம் வேண்டுமா? மாட்டுக்கொட்டகை மூலையில் சாத்திவைத்த பழைய மண்வெட்டிக் காம்பு போதும்.

ஏன் பழைய காம்பு?
பச்சை மரத்தில் ஈரம் இருக்கும். காயக் காயச் சுருங்கும், பூண் கழன்றுவிடும். பழைய காம்போ பல வருடம் காய்ந்து, சுருங்க வேண்டியது எல்லாம் சுருங்கி முடிந்தது.

செய்முறை:
1. அலகைக் கனமான துணியால் சுற்றிக் கட்டவும். பிடிக்குள் போகும் வால் பகுதியில் உள்ள பழைய மரம், துருவை நீக்கவும்.
2. வெடிப்பு, உளுப்பு இல்லாத இடத்தில் காம்பை 5 அங்குலம் அறுக்கவும். மர இழை நீளவாக்கில் ஓடணும். குறுக்கே ஓடினால் பட்டென்று ஒடியும்.
3. ஒரு முனையைச் சீவிப் பூண் மாட்டவும். பழைய பித்தளைக் குழாயில் அரை அங்குலம் வெட்டினாலே பூண் ரெடி. மரம் பிளக்காமல் காப்பது இதுதான்.
4. அந்த முனையின் நடுவில், வால் இறுக்கமாகப் போகும் அளவு துளை போடவும்.
5. துளையில் அரக்குத் தூள் போட்டு, வாலை மட்டும் சூடாக்கிச் செருகவும். அரக்கு உருகி, ஆறியதும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதுவரை அசைக்கக் கூடாது.
6. உப்புத்தாள் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசிக் காயவிடவும்.

அறிவியல் உண்மை:
சூடாக்கும்போது அலகில் ஈரத்துணி சுற்றணும். ஏன்? சுமார் 300 டிகிரி செல்சியஸில் எஃகு நீலநிறமாகும். கொல்லர் காய்ச்சித் தோய்த்துக் கொடுத்த பதம் குறையும். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

"ஆடுற பிடியைத் தண்ணியில ஊறப்போட்டா இறுகுமே?" என்று கேட்பீர்கள். இறுகும். மரம் உப்புவதால்தான். காய்ந்ததும் மறுபடி ஆடும். கூடவே வாலும் துருப்பிடிக்கும்.

எச்சரிக்கை: அறுப்பது, துளைப்பது, சூடாக்குவது பெரியவர்கள் வேலை. காம்பு தேடுவதும் உப்புத்தாள் தேய்ப்பதும் நம்ம வேலை!

யோசிக்க: உலக்கைக்கும் பூண் போடுகிறார்களே, ஏன்? விடை தெரிந்தவர்கள் வகுப்பில் சொல்லுங்கள்.