வெற்றியை முன்னறிய முடியுமா?
கல்லூரிக் கூடைப்பந்தாட்டமும் பந்தயமும் – ஓர் ஆய்வு

ஆண்டுதோறும் மார்ச் மாத நடுப்பகுதியில் அமெரிக்க நாட்டில் கல்லூரிக் கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி தொடங்கிவிடும். தோற்ற அணி உடனே வெளியேற வேண்டும் என்பதே அதன் விதி. 1985ஆம் ஆண்டில் 64 அணிகளாகவும், 2011ஆம் ஆண்டில் 68 அணிகளாகவும் அது விரிவாக்கப்பட்டது. ஏப்ரல் முற்பகுதியில் நடைபெறும் இறுதியாட்டத்தில் எவ்வணி வெல்லும் என்று கணித்துப் பணம் வைப்போர் தொகையோ எண்ணிலடங்காது.

இது எங்கோ நடக்கும் விளையாட்டுத்தானே என்று நாம் இருந்துவிட முடியாது. பல மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயத்தைத் தடுத்துவைத்திருந்த 1992ஆம் ஆண்டுச் சட்டத்தை அமெரிக்க உயர் நீதிமன்றம் 2018 மே மாதத்தில் செல்லாததாக்கியது. நம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவிலும் 2021 ஆகஸ்ட் முதல் தனியோர் ஆட்டத்தின்மீது பந்தயம் பிடிப்பது சட்டபூர்வமாயிற்று. இன்று இளைஞன் ஒருவன் கைத்தொலைபேசியை எடுத்து, படுக்கையில் இருந்தபடியே ஒரு மாதச் சம்பளத்தை இழந்துவிடலாம். எனவே இதன் உள்ளமைப்பைப் பெற்றோரும் பிள்ளைகளும் அறிந்திருப்பது நலம்.

1. எதை அறியலாம்?

கணிப்பு முழுவதும் வெறும் குருட்டு ஊகமென்று சொல்லிவிட முடியாது. டீன் ஒலிவர் என்ற ஆய்வாளர் வெற்றிக்குரிய நான்கு காரணிகளை வகுத்துக் காட்டினார். எய்யும் பந்துகளில் எத்தனை கூடைக்குள் விழுகின்றன? எத்தனை முறை பந்து வீணே எதிரணியின் கைக்குப் போகிறது? தவறிய பந்தை எவ்வணி மீளப் பிடிக்கிறது? தண்ட எறிகளால் எத்தனை புள்ளி கிடைக்கிறது? பருவம் முழுவதும் ஓரணி ஆடிய ஆட்டங்களில் இவற்றைக் கணக்கிட்டால் அதன் பலம் ஓரளவு புலப்படும். போட்டிக்குழு அணிகளை 1 முதல் 16 வரை தரப்படுத்துவதும் ஆராய்ந்தே. பலமான அணியே பெரும்பாலும் வெல்கிறது.

“பெரும்பாலும்” என்ற சொல்லை வாசகர் கவனிக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

2. எதை அறிய முடியாது?

1985 ஏப்ரல் 1ஆம் திகதி நடந்த இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்வோம். மோதிய இரண்டும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள். ஒன்று இயேசு சபையாரின் ஜோர்ஜ்ரவுண். முந்திய ஆண்டின் வெற்றி அணி. மற்றையது அகுஸ்தீன் சபையாரின் வில்லனோவா. 8ஆம் தரத்தில் வைக்கப்பட்டிருந்த அணி. அதே பருவத்தில் இருமுறை ஜோர்ஜ்ரவுணிடம் தோற்றும் இருந்தது. ஆனால் அன்றிரவு வில்லனோவா எய்த 28 பந்துகளில் 22 கூடைக்குள் விழுந்தன. இரண்டாம் பாதியில் தவறியது ஒரேயொரு பந்து. 66–64 என வில்லனோவா வென்றது. அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு தாழ்ந்த தரத்து அணியொன்று அக்கிண்ணத்தை வென்றதில்லை.

2018ஆம் ஆண்டில் இன்னொன்று நடந்தது. 1985 முதல் அதுவரை முதல் தர அணிகள் 16ஆம் தர அணிகளோடு மோதிய 135 ஆட்டங்களிலும் தோற்றதேயில்லை. 136ஆவது ஆட்டத்தில் வேர்ஜீனியாவை மேரிலண்ட் பல்கலைக்கழகத்தின் போல்ரிமோர் கவுண்டி அணி 74–54 எனத் தோற்கடித்தது. அடுத்த ஆண்டு, 2019இல், அதே வேர்ஜீனியா கிண்ணத்தையே வென்றது!

ஜோர்ஜ்ரவுண் வெல்லும் என்று சொன்னவர் தவறாகச் சிந்தித்தவரா? இல்லை. அவருடைய நியாயம் சரி, விளைவு வேறு. வில்லனோவாமீது பணம் வைத்தவர் ஞானியா? அதுவும் இல்லை. நாற்பது நிமிட ஆட்டம் ஒன்றில் இருபது வயது இளைஞர் பத்துப் பேரின் கையும் மனமும் எவ்வாறு இயங்கும் என்பதை எந்தக் கணக்கும் முன்கூட்டிச் சொல்லாது. 64 அணிகளின் 63 ஆட்டங்களுக்கும் விடை எழுதுவதானால், எழுதக்கூடிய வகைகள் ஏறத்தாழ 92 ஆயிரம் கோடி கோடி.

3. தரகரின் கணக்கு

பந்தயத் தரகர் பலமான அணிக்கு ஒரு வித்தியாசப் புள்ளியை விதிக்கிறார். உதாரணமாக 7 என்று விதித்தால், அவ்வணி ஏழு புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் வென்றால்தான் அதன்மீது பணம் வைத்தவருக்கு இலாபம். நீங்கள் பத்திரிகையில் படித்தறிந்த பலம், காயம், பயிற்சி யாவும் ஏற்கெனவே அந்த எண்ணுக்குள் அடங்கிவிட்டன. உங்கள் அறிவை உங்களுக்கே அவர் விலைக்கு விற்கிறார்.

மேலும், வழக்கமான முறையில் 100 டொலர் இலாபம் பெற 110 டொலர் வைக்க வேண்டும். நூறு பந்தயங்களில் ஐம்பதில் வென்றால் வரவு 5,000; ஐம்பதில் தோற்றதால் செலவு 5,500. சரிபாதி வென்றும் 500 டொலர் நட்டம். 52 வென்றாலும் 80 டொலர் நட்டமே. 53 வென்றால்தான் கை நட்டப்படாது. ஆண்டுக்கணக்கில் இதைச் சாதிப்பவர் மிகச் சிலர். தரகரோ எவ்வணி வென்றாலும் கவலைப்படுவதில்லை.

இதில் தோற்றவனைவிட முதன்முறை வென்றவனுக்கே ஆபத்து அதிகம். தோற்றவன் விலகக்கூடும். வென்றவனோ அதிர்ஷ்டத்தைத் தன் அறிவென்று எண்ணி, அடுத்த முறை இரட்டிப்பாக வைக்கிறான்.

4. விளையாட்டுக்கு வரும் கேடு

1950ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரக் கல்லூரி நாட்டின் இரு பெரும் கிண்ணங்களையும் ஒரே பருவத்தில் வென்று புகழ்பெற்றது. மறு ஆண்டே அதன் வீரர் சிலர் கைதாயினர். சூதாடிகளிடம் பணம் பெற்று, ஆட்டங்களில் வித்தியாசப் புள்ளியைத் திட்டமிட்டுக் குறைத்திருந்தனர். “தோற்க வேண்டாம், கொஞ்சமாக வென்றால் போதும்” என்பதே இத்தகைய சோதனையின் இனிய குரல். விசாரணை வேறு பல கல்லூரிகளையும் எட்டியது. 1978–79 பருவத்தில் இயேசு சபையாரின் பொஸ்ரன் கல்லூரி அணியிலும் இதே குற்றம் நிகழ்ந்தது. வீரர் ஒருவருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டுப் பின்னர் குறைக்கப்பட்டது. கத்தோலிக்கப் பெயர் மட்டும் எவரையும் காப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

5. திருச்சபை கூறுவது

1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, 2413ஆம் எண்ணில் இதுபற்றித் தெளிவாகப் பேசுகிறது. பந்தயமும் சீட்டாட்டமும் தம்மளவில் நீதிக்கு முரணானவையல்ல. ஆனால் தன் தேவைக்கும் தன்னை நம்பியிருப்போர் தேவைக்கும் உரியதை அவை பறிக்கும்போது ஏற்க முடியாதவையாகின்றன. சூதாட்ட ஆசை மனிதனை அடிமைப்படுத்தவும் கூடும். ஆகவே நண்பர்கள் தேநீருக்காகப் பந்தயம் பிடிப்பதைப் பெரும் பாவமென்று பயமுறுத்த வேண்டியதில்லை. பிள்ளையின் பள்ளிப் பணமும், தாயின் மருந்துப் பணமும், தங்கையின் பெயரில் சேர்ந்த பணமும் மேசைக்கு வரும்போது அங்கே விளையாட்டு முடிந்துவிட்டது. அப்பணம் வைத்தவனுக்குச் சொந்தமானதன்று.

ஆட்டத்தைப் பாருங்கள், யார் வெல்வார் என்று வீட்டில் வாதாடுங்கள். அது அறிவுக்கு நல்ல பயிற்சி. அந்த மகிழ்ச்சிக்குக் காசு தேவையில்லை.

குடும்பத்தில் கலந்துரையாட:

அ. நியாயம் சரியாக இருந்தும் விளைவு பிழைத்த சந்தர்ப்பம் ஒன்றை நம் வாழ்விலிருந்து கூறுக.
ஆ. நூறு பந்தயங்களில் 51 வென்றவனின் வரவுசெலவைக் கணக்கிடுக.
இ. பந்தயக் கடனில் அகப்பட்ட பிள்ளை அச்சமின்றி உண்மையைச் சொல்லக்கூடிய வீடாக நம் வீடு இருக்கிறதா?