இரண்டு செங்கல் தூண்கள்

ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தை ஒட்டி, இரண்டு செங்கல் தூண்கள் தனியாக நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் கட்டடம் எதுவும் இல்லை. சுரங்கச் சாலையை நோக்கி வாகனங்கள் விரைகின்றன. அவ்வழியே நடப்பவர்களில் பலர் அந்தத் தூண்களைத் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. ஒரு காலத்தில் அவை ஒரு நுழைவாயிலின் தூண்களாக இருந்தன. அந்த வாயிலைக் கடந்துதான் மக்கள் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் இருந்த தேசிய நூலகத்திற்குள் சென்றார்கள்.

அந்த நூலகம் பிறந்த கதையே சுவையானது. அதற்கு முன்பு இங்கிருந்த ராஃபிள்ஸ் நூலகத்தில் சந்தா கட்டியவர்கள்தாம் நூல்களை இரவல் பெற முடியும். நூல்களும் பெரும்பாலும் ஆங்கில நூல்களே. 1953-ஆம் ஆண்டு வணிகர் லீ கொங் சியன் புதிய நூலகம் கட்ட 375,000 வெள்ளி நன்கொடை தர முன்வந்தார். ஆனால், ஒரு நிபந்தனை விதித்தார். நூலகம் எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும். உள்ளூர் மக்களின் மொழிகளில் எழுதப்பட்ட நூல்களும் அங்கே இடம்பெற வேண்டும். 1960-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி, யாங் டி பெர்துவான் நெகாரா யூசோஃப் இஷாக் நூலகத்தைத் திறந்து வைத்தார். பேருந்துக் கட்டணம் மட்டுமே கையில் வைத்திருந்த மாணவரும் ஒரு தமிழ் நாவலை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம் என்ற நிலை வந்தது. தேர்வுக் காலத்தில் அங்கே இடம் பிடிக்கக் காலையிலேயே போக வேண்டியிருந்ததை என் வயதுடையவர்கள் இன்றும் பேசிக்கொள்வார்கள்.

1990-களின் இறுதியில் அந்த இடத்திற்கு வேறு திட்டம் வந்தது. நகர மையத்தில் நெரிசலைக் குறைக்கக் குன்றுக்கு அடியில் சுரங்கச் சாலை அமைக்க வேண்டும். அருகில் புதிய பல்கலைக்கழகம் எழ வேண்டும். சுரங்கச் சாலையின் பாதையில் நூலகம் இருந்தது. செய்தி வெளியானதும் பலர் நாளிதழ்களுக்குக் கடிதம் எழுதினார்கள். கட்டடக் கலைஞர் டே கெங் சூன், நூலகத்தை இடிக்காமலேயே திட்டத்தை நிறைவேற்ற முடியும் என்று மாற்று வரைபடம் ஒன்றை முன்வைத்தார். ஆனாலும், 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இறுதி முடிவு அறிவிக்கப்பட்டது. 2004 மார்ச் 31 நூலகத்தின் கடைசி நாள். அதன் பின் கட்டடம் இடிக்கப்பட்டது.

இத்தனை பேர் விரும்பிய கட்டடத்தைச் சட்டம் ஏன் காப்பாற்றவில்லை? விடை எளிது. சட்டத்தின் பட்டியலில் அது இல்லை.

சிங்கப்பூரில் ஒரு கட்டடம் பழைமையானது என்பதாலேயே அதற்குப் பாதுகாப்பு கிடைத்துவிடாது. அரசிதழில் அதன் பெயர் வெளியாக வேண்டும். அரசிதழ் என்பது அரசாங்கத்தின் ஆணைகளையும் அறிவிப்புகளையும் முறைப்படி வெளியிடும் இதழ். அதில் அறிவிக்கப்படும் வரை, நூறு வயதான வீடும் சட்டத்தின் பார்வையில் மற்றொரு வீடுதான். நூலகத்தைப் பொறுத்தவரை, கட்டடக் கலை என்ற அளவுகோலால் பார்த்தவர்கள் அதற்குப் பெரிய சிறப்பு இல்லை என்று கருதினார்கள். அந்தச் செங்கல் சுவர் அழகாக இல்லை என்று அது கட்டப்பட்ட காலத்திலேயே குறை சொன்னவர்கள் உண்டு. மக்கள் பயன்படுத்திய அளவுகோல் வேறு. அவர்கள் நினைவை வைத்து அளந்தார்கள். நினைவை அளக்கும் அளவுகோல் அன்று சட்டத்தில் வலுவாக இல்லை என்பதே என் கருத்து.

பட்டியலில் இடம்பெற இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, தேசிய நினைவுச்சின்னம் என்னும் தகுதி. இதற்கென 1971-ஆம் ஆண்டு ஒரு வாரியம் அமைக்கப்பட்டது. இன்று அந்தப் பொறுப்பு தேசிய மரபுடைமைக் கழகத்திடம் உள்ளது. 1973-இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட எட்டுச் சின்னங்களுள் சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் ஒன்று. இத்தகைய கட்டடத்தில் சுண்ணாம்பு பூசுவதற்கும் யோசித்துத்தான் செய்ய வேண்டும். இங்கே ஒரு சுவையான சிக்கல் எழுகிறது. நம் மரபுப்படி ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கோயிலைப் புதுப்பித்துக் குடமுழுக்கு நடத்த வேண்டும். சட்டமோ பழைமையை மாற்றாதே என்கிறது. எனவே, திருப்பணி தொடங்குமுன் கோயில் நிர்வாகம் தன் திட்டத்தை அதிகாரிகளிடம் காட்டி ஒப்புதல் பெறுகிறது. கோபுரத்துச் சுதைச் சிற்பங்களைச் செப்பனிடத் தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகள் வருகிறார்கள். சிதைந்த விரலைச் சீராக்கலாம். சிலையையே வேறாக்கிவிடக் கூடாது.

இரண்டாவது வழி, பாதுகாக்கப்பட்ட வட்டாரம். 1989-ஆம் ஆண்டு ஜூலை மாதம் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் உட்படப் பத்து வட்டாரங்கள் இவ்வாறு அறிவிக்கப்பட்டன. இவற்றை நகர மறுசீரமைப்பு ஆணையம் கவனித்துக்கொள்கிறது. இன்று தீவு முழுவதும் 7,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இந்தப் பாதுகாப்பில் உள்ளன.

அடுத்த முறை சிராங்கூன் சாலைக்குப் போகும்போது ஒரு கடைவீட்டின் முன் சற்று நில்லுங்கள். கீழே கடை, மேலே குடியிருப்பு. முன்னால் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க ஐந்தடிப் பாதை. இரண்டு வீடுகளுக்குப் பொதுவான சுவர், மரப்பலகைத் தளம், களிமண் ஓடு வேய்ந்த கூரை, உள்ளே வெளிச்சமும் காற்றும் வருவதற்குத் திறந்த முற்றம். லிட்டில் இந்தியா போன்ற வரலாற்று வட்டாரங்களில் இவை அனைத்தையும் காப்பாற்ற வேண்டும். உள்ளே நகைக்கடை வைக்கலாம், உணவகம் நடத்தலாம். ஆனால், உரிமையாளர் நினைத்தபடி மேலே இரண்டு மாடி கட்ட முடியாது. கேலாங், ஜூ சியாட் போன்ற வட்டாரங்களில் விதி சற்றுத் தளர்வானது. அங்கே முன்பகுதிக் கட்டடத்தைக் காப்பாற்றினால் போதும். பின்புறம் உயரமான புதிய பகுதியைக் கட்ட அனுமதி கிடைக்கும். எங்கே இருந்தாலும், பாதுகாக்கப்பட்ட கட்டடத்தை அனுமதியின்றி இடிப்பது குற்றம்.

பழைய கடைவீடுகளில் எல்லாரும் மகிழ்ச்சியாக வாழ்ந்தார்கள் என்று நாம் நினைத்துவிடக் கூடாது. ஒரே மாடியைப் பல அறைகளாகத் தடுத்து, பல குடும்பங்கள் ஒரு கழிவறையைப் பகிர்ந்துகொண்ட காலம் அது. போருக்குப் பின் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏழைகளைக் காப்பாற்றியது. அதே சட்டத்தால் வாடகை உயரவே இல்லை. அதனால், பழுது பார்ப்பதில் உரிமையாளர்களுக்கு அக்கறையும் இல்லை. கூரை ஒழுகியது, மரம் உளுத்தது. 1960-களிலும் 70-களிலும் அத்தகைய வீடுகள் இடிக்கப்பட்டபோது, வீவக வீட்டுக்குக் குடிபெயர்ந்த பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். பாட்டி தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள்; இரண்டு விதமான பதில்களும் வரும்.

செலவும் ஒரு கேள்விதான். நிலம் குறைந்த நாட்டில் இரண்டு மாடிக் கட்டடம் நிற்கும் இடத்தில் நாற்பது மாடி எழுப்பலாம். அந்த வருமானத்தை உரிமையாளரை விட்டுவிடச் சொல்வது சிறிய விஷயம் அன்று. நூற்றுக்கணக்கான உரிமையாளர்கள் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. 1976-இல் கட்டி முடிக்கப்பட்ட பேர்ல் பேங்க் அடுக்குமாடி, குதிரை லாட வடிவில் 38 மாடி உயர்ந்து நின்றது. 2018-இல் அது கூட்டு விற்பனையில் கைமாறியது, பின்னர் இடிக்கப்பட்டது. பீச் சாலையில் உள்ள கோல்டன் மைல் கட்டடத்தின் விதி வேறாக அமைந்தது. 1973-இல் எழுந்த அதை, 2021 அக்டோபரில் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அரசாங்கம் அறிவித்தது. அதை வாங்குபவர்களுக்குக் கூடுதல் தளப் பரப்பைக் கட்டிக்கொள்ளும் சலுகையும் கொடுக்கப்பட்டது. சட்டம் தடுப்பதோடு நிற்காமல், இழப்பைப் பகிர்ந்துகொள்ளவும் முன்வந்ததால் அது சாத்தியமாயிற்று. ஏறக்குறைய ஒரே காலத்தைச் சேர்ந்த இரண்டு கட்டடங்கள். ஒன்று போயிற்று, ஒன்று நிற்கிறது. இடையில் இருந்தது மூன்று ஆண்டு வேறுபாடுதான்.

நூலகம் போன பிறகு எதுவுமே மாறவில்லை என்று சொல்ல முடியாது. அதற்காக எழுந்த விவாதம் ஓயும் முன்பே, 2002-இல், பொதுமக்களின் கருத்தையும் கேட்டுப் பரிந்துரை செய்யப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. கட்டடத்தின் அழகோடு, அதில் மக்கள் வாழ்ந்த வாழ்க்கையும் இப்போது பேசப்படுகிறது. விக்டோரியா சாலையில் 2005-இல் திறக்கப்பட்ட புதிய தேசிய நூலகத்தில், பழைய கட்டடத்தின் செங்கற்களைக் கொண்டு ஒரு சுவர் எழுப்பப்பட்டுள்ளது. பள்ளிச் சுற்றுலாவாகப் போனால் கையால் தொட்டுப் பார்க்கலாம். செங்கல் சொரசொரப்பாகவே இருக்கிறது.

உங்கள் பள்ளிக்குப் போகும் வழியில் உங்களுக்குப் பிடித்த பழைய கட்டடம் ஒன்று இருக்கக்கூடும். ஒரு கடைவீடு, ஒரு சந்தை, ஒரு பழைய திரையரங்கு என எதுவாகவும் இருக்கலாம். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் இணையத்தளத்தில் அதன் முகவரியைத் தேடிப் பாருங்கள். அது பாதுகாக்கப்பட்டதா இல்லையா என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும். இல்லை என்று வந்தால், அங்கே கடை நடத்துபவரிடமும் அக்கம்பக்கத்து முதியவர்களிடமும் பேசி, அதன் கதையை ஒரு பக்க அளவில் எழுதி, அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.