பூட் பகிர்வு நிரம்பினால்...

எங்கள் ஆய்வகத்தில் உபுண்டு கணினி ஒன்று, 'இடமில்லை' என்று கூறிப் புதுப்பித்தலைப் பாதியில் நிறுத்தியது. வன்தட்டில் இடம் இருந்தது. தனியாகப் பிரிக்கப்பட்ட சிறிய 'பூட்' பகிர்வுதான் நிரம்பியிருந்தது.

புதிய கெர்னல் நிறுவப்படும்போது பழையது உடனே நீக்கப்படுவதில்லை. புதியது இயங்க மறுத்தால், பழையதைக் கொண்டு கணினியைத் தொடங்கலாம். ஆனால், பழையவை சேரச் சேர இடம் குறையும்.

செய்ய வேண்டியவை:

1. டெர்மினலில் 'யுநேம் -ஆர்' கட்டளை கொடுத்து, இயங்கும் கெர்னலின் பதிப்பெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. 'சுடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்' கட்டளை, தேவையற்ற பழைய கெர்னல்களை நீக்கும். நீக்கப்படுபவற்றின் பட்டியலைப் படித்துப் பார்த்த பின்பே 'ஒய்' அழுத்துங்கள்.

3. பூட் பகிர்விலுள்ள கோப்புகளை நேரடியாக அழிக்காதீர்கள். இயங்கும் கெர்னல் அழிந்தால், அடுத்த முறை கணினி தொடங்காமல் போகலாம்.

இயங்கும் கெர்னலும் அதற்கு முந்தையது ஒன்றும் எப்போதும் இருக்கட்டும். தேர்வு நாளில் கைகொடுப்பது அந்தப் பழையதாகவும் இருக்கலாம்.