மூன்று கால் மான் கற்பிக்கும் பாடம்

வட அமெரிக்காவின் பண்ணை நிலங்களை ஒட்டிய காடுகளில் வெண்வால் மான்கள் மிகுதியாக வாழ்கின்றன. அந்திப் பொழுதில் மேய்ச்சலுக்கு வரும் அம்மான்களிடையே, ஒரு காலை இழந்து மூன்று கால்களால் நடமாடும் மான் ஒன்றும் அவ்வப்போது கண்ணில் படுவதுண்டு. பார்ப்பவர் உள்ளம் பதறுகிறது. ‘ஐயோ, இது எப்படி உயிர் வாழும்?’ என்ற கேள்வி எழுகிறது. மானோ தலை தாழ்த்திப் புல்லைக் கடிக்கிறது. செவிகளைத் திருப்பி ஓசை கேட்கிறது. ஆபத்தை உணர்ந்ததும் வெண்ணிற வாலை உயர்த்திப் புதருக்குள் மறைகிறது. மூன்று கால் பெண் மான்கள் குட்டிகளுடன் திரிவதும் அங்குக் காணப்பட்டுள்ளது.

இக்காட்சி வியப்பையும் இரக்கத்தையும் ஒருங்கே தருகிறது. ஆனால் இரண்டும் அறிவோடு சேர்ந்தால்தான் பயன் விளையும்.

காயம் வந்த வழி

கால் இழந்த மான்களில் பல மனிதன் அமைத்தவற்றால் அந்நிலையை அடைந்தவை. அமெரிக்காவில் ஆண்டுதோறும் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட மான்கள் வாகனங்களில் மோதுவதாக மதிப்பிடப்படுகிறது. குறி தவறிய துப்பாக்கிக் குண்டும் காலை முறிக்கிறது. மற்றொரு காரணம் கம்பி வேலி. மான் தாண்டும்போது அதன் பின்கால், வேலியின் மேல் இரு கம்பிகளுக்கு நடுவே சிக்கி முறுக்கிக் கொள்கிறது. கம்பி இறுகிய இடத்திற்குக் கீழே இரத்த ஓட்டம் நின்றுவிட்டால் அப்பகுதி உலர்ந்து, நாளடைவில் தானே விழுந்துவிடுகிறது.

இங்கு ஓர் உண்மையை மறத்தல் கூடாது. இவ்வாறு காயமுற்ற மான்களில் பல, இரத்தம் இழந்தும் புண் சீழ்பிடித்தும் பசித்தும் மடிகின்றன. கண்ணில் படுபவை பிழைத்தவை மட்டுமே. பிழைத்தவற்றுக்கும் ஒரு சாதகம் உண்டு: வெண்வால் மான் வாழும் நிலப்பரப்பின் பெரும்பகுதியில் ஓநாயும் மலைச் சிங்கமும் இன்று இல்லை. புலியும் செந்நாயும் உலவும் இந்தியக் காட்டில் மூன்று கால் மானுக்கு அத்தகைய அவகாசம் அரிது. ஆகவே ‘இயற்கை எல்லாவற்றையும் சரிசெய்துவிடும்’ என்று மனிதன் தன் பொறுப்பைக் கைவிடுவதற்கு இம்மான் சான்றாகாது.

உடல் சுமையைப் பகிரும் விதம்

நிற்கும் மானின் உடல் எடையில் பாதிக்கு மேல் முன்கால்களே தாங்குகின்றன. உந்திப் பாயும் ஆற்றலைத் தருபவை பின்கால்கள். பின்கால் ஒன்றை இழந்த மான் பாய்ச்சலின் வலிமையில் ஒரு பகுதியை இழக்கிறது. முன்கால் ஒன்றை இழந்த மானோ, எஞ்சிய முன்காலை உடலின் நடுவுக்குக் கொண்டுவந்து அதன்மேல் நிற்கப் பழகுகிறது. எக்கால் போனாலும் மற்ற மூன்றும், முதுகும், கழுத்தும் புதிய சமநிலையைக் கற்கின்றன. இழந்த காலின் சுமையை ஏதேனும் ஓர் உறுப்பு மட்டும் ஏற்பதில்லை. உடல் முழுதும் பங்கிட்டுக் கொள்கிறது.

கொம்பு சொல்லும் செய்தி

மாட்டின் கொம்பும் வெளிமானின் கொம்பும் வாழ்நாள் முழுதும் நிலைத்திருப்பவை. மானின் கிளைக்கொம்பு அவ்வாறன்று. அது முழுதும் எலும்பு. ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைப்பது. பெரும்பாலான மான் இனங்களில் ஆணுக்கு மட்டுமே உண்டு. வளரும் பருவத்தில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த மென்தோல் அதைப் போர்த்தியிருக்கும். கொம்பு விரைந்து வளர்வதற்காக, மானின் உடல் தன் விலா எலும்புகளிலிருந்தும் சுண்ணாம்புச் சத்தை எடுத்துக் கொடுக்கிறது.

வளரும் கொம்பில் அடிபட்டால் அவ்வாண்டில் அது கோணலாகிறது. அடுத்த ஆண்டில் பெரும்பாலும் செவ்வனே முளைக்கிறது. கொம்பு முளைக்கும் அடித்தண்டே சிதைந்துவிட்டால், கோணல் ஆண்டுதோறும் தொடரும். இவற்றினும் வியப்பானது ஒன்று உண்டு. வலப் பின்காலில் கடுங்காயம் பட்ட மானுக்கு, பெரும்பாலும் இடப்பக்கக் கொம்பு குறுகியோ வளைந்தோ வளர்கிறது. தலையில் காயமே இல்லை. ஆயினும் காலின் துன்பம் எதிர்ப்புறத்துக் கொம்பில் வெளிப்படுகிறது. ஓர் உடலில் எந்த உறுப்பும் தனித்துத் துன்புறுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இரக்கத்திற்கு அறிவு துணையாதல்

மூன்று கால் மானைக் கண்டதும் அதைப் பிடித்து மருத்துவம் செய்ய வேண்டும் என்று நல்லுள்ளம் துடிப்பது இயல்பே. ஆனால் மிரண்டோடும் மானைத் துரத்திப் பிடிப்பது பெருந்தீங்காக முடியக்கூடும். அளவு கடந்த அச்சத்தாலும் ஓட்டத்தாலும் அதன் தசைகள் சிதைகின்றன. சிதைந்த தசையிலிருந்து வெளிப்படும் பொருள்கள் சிறுநீரகத்தைத் தாக்குகின்றன. பிடிபட்ட சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ மான் மடிந்துவிடலாம். காப்பாற்ற நீண்ட கையே காலனாகிவிடுகிறது. புண் ஆறி, மேய்ந்து திரியும் மானுக்குத் தேவை தொழுவமன்று, காடும் அமைதியும்தான். கம்பியில் சிக்கித் துடிக்கும் மானுக்கு உதவி உடனே வேண்டும். அதற்கும் கூட்டம் கூடாது விலகி நின்று வனத்துறையினரை அழைப்பதே முறை.

உண்மையான தொண்டு காயத்தின் காரணத்தை அகற்றுவதில் இருக்கிறது. அமெரிக்காவில் வேலி அமைப்போருக்குக் கூறப்படும் அறிவுரை எளிமையானது: உயரத்தைக் குறையுங்கள், மேல் இரு கம்பிகளுக்கு இடையே ஓரடி இடைவெளி விடுங்கள், மேற்கம்பி முள்ளில்லாததாக இருக்கட்டும். இவ்வளவு சிறிய மாற்றமே பல கால்களைக் காக்கிறது.

இந்தியாவில் புள்ளிமானையும் கடமானையும் வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆயினும் காட்டோரங்களில் சுருக்குக் கம்பிகள் மறைவாகக் கட்டப்படுகின்றன. காட்டுப்பன்றிக்கென வைத்த சுருக்கு மானின் காலையும் இறுக்குகிறது. கரடியையும் சிறுத்தையையும் புலியையும் விடுவதில்லை. வேட்டைக்காக வைப்பவர் சிலர். விளைந்த பயிரை ஒரே இரவில் இழந்த வேதனையால் வைப்பவரும் உளர். அந்த உழவரின் துயரும் உண்மையானதே. பல மாநிலங்களில் பயிர்ச் சேதத்திற்கு இழப்பீடு வழங்கும் முறை உண்டு. அது உரியவருக்குக் காலத்தில் கிடைக்க விண்ணப்பம் எழுதிக் கொடுத்து உதவுவதும், மானின் காலைக் காக்கும் தொண்டே ஆகும். வயலில் பட்ட துன்பம் காட்டில் கால் முறிவாக வெளிப்படுகிறது. மானின் உடல் கற்பித்த பாடம் சமுதாயத்திற்கும் பொருந்துவதை இங்குக் காணலாம்.

சிந்தனைக்கு

1. பிழைத்தவற்றை மட்டும் கண்டு துன்பத்தை எளிதென எண்ணுவது, அன்றாட வாழ்வில் எங்கெல்லாம் நிகழ்கிறது?

2. உதவ முனையும்போது, உதவி பெறுபவரின் தேவையை முதலில் அறிந்துகொள்ள எவ்வாறு முயலலாம்?

3. அவரவர் ஊரில் வாயில்லா உயிர்களைக் காயப்படுத்தும் கம்பி, குழி, வேலி எவை? அவற்றுள் இம்மாதமே அகற்றக் கூடியது எது?