சுற்றும் வட்டத்துக்குப் பின்னால் ஓடும் பணிகள்



ராஜபாளையத்தில் குடியிருக்கும் நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுமனை பார்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் கொடுப்பதற்கு முன் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கணும். கைபேசியில் கிராமம், சர்வே எண் எல்லாம் போட்டுத் தேடச் சொல்றீங்க. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கு. பொறுமை போய் மறுபடி அழுத்துறீங்க, அப்புறம் இன்னொரு தடவை. இந்த மாதிரி நேரத்தில் மறுபக்கத்தில் இருக்கும் கணினிகளில் என்ன நடக்கும்? அதைத் தெரிந்துகொண்டால் நம்முடைய நேரமும் மிஞ்சும், பணமும் வீணாகாது.

ஒரு தேடல், பல பணிகள்

கோடிக்கணக்கான பதிவுகளை ஒரே கணினியில் வைத்துத் தேடினால் தாமதமாகும். அதனால் பெரிய தேடல் அமைப்புகளில் பதிவுகளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல கணினிகளில் வைக்கிறார்கள். இந்தக் கணினிக் கூட்டத்துக்குக் கிளஸ்டர் என்று பெயர். ஒவ்வொரு இணையதளமும் வெவ்வேறு மென்பொருளில் ஓடலாம். பாடத்துக்காக, உலகெங்கும் பயன்பாட்டில் உள்ள எலாஸ்டிக்சர்ச் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஷே பேனான் இதை 2010-இல் வெளியிட்டார். 2021-இல் இதிலிருந்து ஓப்பன்சர்ச் தனியாகப் பிரிந்தது. நாம் பார்க்கப்போகும் முறை இரண்டுக்கும் பொது.

தேடல் வந்ததும் ஒரு கணினி அதற்குப் பொறுப்பேற்கும். அது தாய்ப்பணி. துண்டுகள் இருக்கும் மற்ற கணினிகளுக்கு அது வேலையைப் பிரித்து அனுப்பும். அவை சேய்ப்பணிகள். எல்லாப் பதிலும் வந்த பிறகுதான் தொகுத்து உங்கள் திரைக்கு அனுப்பும். ஒரே ஒரு கணினி மந்தமாக இருந்தாலும் பதில் தாமதமாகலாம்.

பணிப் பட்டியலில் என்ன இருக்கும்?

இந்த நேரத்தில் என்னென்ன ஓடுகிறது என்று நிர்வாகி ஒரு கட்டளை கொடுத்தால் பட்டியல் வந்துவிடும். அதில் அவர் பார்ப்பது இவைதான்:

1. பணி எண். எந்தக் கணினி, அதில் எத்தனையாவது பணி என்று இரண்டும் சேர்ந்தது.
2. பணி வகை. தேடலா, பதிவுகளை மாற்றும் வேலையா என்பது.
3. தாய்ப்பணியின் எண். எந்தத் தேடலுக்காக இந்த வேலை ஓடுகிறது என்பது.
4. ஓடிய நேரம். இது நானோ விநாடிக் கணக்கு. 100 கோடி நானோ விநாடி சேர்ந்தால்தான் 1 விநாடி. திரையில் 3,000 கோடி என்று இருந்தால் பயப்பட வேண்டாம், வெறும் 30 விநாடிதான்.
5. நிறுத்த முடியுமா, முடியாதா என்ற குறிப்பு.

ஒரு பணி வெகுநேரமாக ஓடினால் நிர்வாகி அதன் எண்ணைச் சொல்லி நிறுத்தலாம். தாய்ப்பணியை நிறுத்தினால் சேய்ப்பணிகளுக்கும் நிறுத்தச் சொல்லி உத்தரவு போகும். ஆனால் சொன்ன நொடியே நின்றுவிடாது. ஓடும் வேலை அடுத்து நிறுத்தக்கூடிய இடம் வந்த பிறகே நிற்கும்.

இங்கே ஒரு முக்கிய வேறுபாடு இருக்கு. தேடலை நிறுத்தினால் எதுவும் கெட்டுப்போகாது. பதிவுகளை மாற்றும் வேலையைப் பாதியில் நிறுத்தினால், அதுவரை மாற்றியது மாற்றியதுதான், தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. அதனால் ‘மெதுவா இருக்கு’ என்பதற்காக மட்டும் எதையும் நிறுத்தக் கூடாது. பட்டியலைப் பார்த்து, என்ன வேலை என்று தெரிந்த பிறகே கை வைக்கணும்.

மறுபடி அழுத்தினால்?

ஒவ்வொரு அழுத்தலும் புதிய தாய்ப்பணியாகப் போய்ச் சேரலாம். நீங்கள் பக்கத்தை மூடினாலும், இடையில் வேறு சர்வர்கள் இருப்பதால் பழைய தேடல் உடனே நின்றுவிடும் என்று உறுதி கிடையாது. எலாஸ்டிக்சர்ச்சின் இயல்பான அமைப்பில், 8 கோர் உள்ள ஒரு கணினியில் 13 தேடல் பணிகள் ஒரே நேரத்தில் ஓடும். அடுத்த 1,000 வரிசையில் காத்திருக்கும். அதற்கும் மேல் வந்தால் திருப்பி அனுப்பிவிடும். ஆளுக்கு மூன்று தடவை அழுத்தினால் வரிசை எவ்வளவு சீக்கிரம் நிரம்பும் என்று பாருங்க. பின்னால் நிற்பவர்களில் நாமும் ஒருவர்.

நாம் செய்யக்கூடியவை

• தேடலைச் சுருக்குங்க. கிராமத்துக்கு உரிய சார்பதிவாளர் அலுவலகம் எது என்று பத்திரத்தைப் பார்த்து உறுதி செய்யுங்க. தாலுகா பெயரும் அலுவலகத்தின் பெயரும் எப்போதும் ஒன்றாக இருக்காது. சர்வே எண்ணோடு உட்பிரிவு எண்ணும் போடுங்க.
• ஒருமுறை அழுத்திவிட்டுக் காத்திருங்க. பிழைச் செய்தி வந்தால் சில நிமிடம் கழித்து முயலுங்க.
• பட்டா மாறுதல், சான்றிதழ் போன்ற விண்ணப்பங்களுக்கு வரும் விண்ணப்ப எண்தான் உங்கள் பணி எண். அதைத் திரைப்படம் பிடித்து வைத்து, ‘விண்ணப்ப நிலை’ பகுதியில் பாருங்க. நிலை தெரியாமல் இரண்டாவது விண்ணப்பம் போடாதீங்க.
• பணம் கழிந்து ரசீது வரவில்லையா? மறுபடி கட்டுவதற்கு முன் யுபிஐ செயலியில் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, கட்டண நிலையைப் பாருங்க.
• விண்ணப்பம் நகரவே இல்லை என்றால், அந்த எண்ணோடு இ-சேவை மையத்தையோ சம்பந்தப்பட்ட அலுவலகத்தையோ அணுகுங்க. முதல்வரின் உதவி மையத்தை 1100-இல் அழைத்தும் சொல்லலாம்.

எண்ணைச் சொல்லிக் கேட்டால் எங்கே நிற்கிறது என்று அலுவலர் தேடிச் சொல்ல முடியும். எண் இல்லாமல் ‘போன வாரம் போட்டேன் சார்’ என்றால், பேரையும் ஊரையும் வைத்து முதலிலிருந்து தேடணும். ஆகவே எந்த இணையச் சேவையானாலும், வேலை தொடங்கியதும் முதலில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்க.